பெலிசேர் பேசும் ஆங்கிலம்

சென்ற சனிக்கிழமை இரவு எங்கள் ஆய்வாளர் விடுதியின் பொது அறையில் ஒன்பது பேர் அமர்ந்து ‘பெலிசேர் த கேஜன்’ (1986) என்னும் படத்தைப் பார்த்தோம். படத்தின் நீளம் ஏறத்தாழ நூறு நிமிடம். அதன்பின் எழுந்த வாதம் அதனினும் நீண்டது. நால்வர் படத்தைக் கொண்டாடினர், மூவர் கடுமையாக மறுத்தனர், ஒருவர் உறங்கிவிட்டார். ஒன்பதாமவனாகிய நான் அன்றிரவு சொல்ல இயலாமற்போனவற்றை இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவுதான், நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கதை 1859இல், தென்மேற்கு லூசியானாவில் நிகழ்கிறது. பெலிசேர் ஒரு நாட்டு வைத்தியன். பச்சிலையும் தருவான், மந்திரித்தும் விடுவான். குடிகாரன், வாய்ச்சவடாலன், இன்னொருவனோடு வாழும் ஒரு பெண்ணை மறக்க முடியாதவன். கேஜன் மக்களை ஊரைவிட்டுத் துரத்தச் சவுக்கோடு திரிகிறது ஒரு குதிரைப்படைக் கும்பல். கொலைப்பழி ஒன்று அவனுடைய உறவினன்மேல் விழ, அவனைக் காக்கப் புகுந்த பெலிசேர் தானே தூக்குமேடை ஏறுகிறான். அங்கே கயிற்றருகில் நின்றபடி, தன் வாய்த்திறனை மட்டும் நம்பி அவன் நடத்தும் ஆட்டம்தான் படத்தின் உச்சம். கான் விழாவில் ‘அன் செர்ட்டன் ரிகார்ட்’ பிரிவில் திரையிடப்பட்ட படம் இது. ஆயினும் இன்று திரைப்பட மாணவர்களிலேயே பலர் இதன் பெயரைக் கேட்டதில்லை. அதே காலத்தில் வந்த ‘த பிக் ஈசி’யை எல்லோருக்கும் தெரியும். கேஜன் பண்பாட்டின் மையமே அல்லாத நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு கேஜன் காவலரை உலவவிட்ட படம் அது!

கேஜன் மக்களின் வரலாறு தெரியாமல் இப்படத்தின்மீதான கருத்து வேற்றுமை விளங்காது. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மொழிக் குடியானவர்களை 1755 முதல் பிரித்தானியர் நாடு கடத்தினர். சிதறியவர்களுள் ஒரு பகுதியினர் 1760களின் நடுவிலிருந்து லூசியானாவில் வந்து குடியேறினர். ‘அகேடியன்’ என்ற பெயர் வாயில் தேய்ந்து ‘கேஜன்’ ஆயிற்று. 1921ஆம் ஆண்டு லூசியானா அரசியலமைப்பு பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே பயிற்றுமொழியாக்கியது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் அடி வாங்கினர். இனிப் பேசமாட்டேன் என்று பலமுறை எழுதும்படி தண்டிக்கப்பட்டனர். இரண்டு தலைமுறைக்குள் மொழி வீட்டுத் திண்ணைக்கு ஒதுங்கிவிட்டது. (நான் படித்த பள்ளி ஒன்றில் தமிழில் பேசினால் ஒரு சொல்லுக்கு ஐம்பது காசு அபராதம். நாங்கள் பிழைத்துக்கொண்டோம், ஏனெனில் பள்ளி வாசலுக்கு வெளியே தமிழ்நாடு இருந்தது. கேஜன் பிள்ளைகளுக்கு வாசலுக்கு வெளியிலும் ஆங்கிலமே காத்திருந்தது.)

இனி வாதத்துக்கு வருகிறேன்.

படத்தின் தொனி நிலையாக இல்லை என்பது முதல் குறை. சவுக்கடியையும் வீடு எரிப்பையும் காட்டிவிட்டு அடுத்த கணமே சிரிக்கச் சொல்கிறது என்றார் ஒரு நண்பர். இக்குறையை நான் ஏற்கவில்லை. ‘சதர்ன் கம்ஃபர்ட்’ (1981) படத்தில் கேஜன் மக்கள் சதுப்புக்காட்டுக்குள் மறைந்திருந்து கொல்லும் வேட்டைக்காரர்கள். பின்னர் வந்த ‘த வாட்டர்பாய்’ (1998) படத்தில் அவர்கள் வெறும் கேலிப்பொருள். இவ்விரண்டுக்கும் நடுவே, தன் சிரிப்பைத் தானே தீர்மானிக்கும் ஒரு கேஜன் இப்படத்தில்தான் கிடைக்கிறான். அதிகாரம் முழுவதும் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும்போது, நாக்கு ஒன்றே உடைமையானவன் வேறு எதைக்கொண்டு போரிடுவான்? தெனாலிராமன் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்குத் தூக்குமேடையின் நகைச்சுவை அந்நியமாகத் தோன்றியிருக்கக் கூடாது.

இரண்டாவது குறை மொழி பற்றியது. இதை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. 1859இல் பிரெஞ்சிலேயே வாழ்ந்த மனிதர்கள் இப்படத்தில் உச்சரிப்பு மட்டும் மாறிய ஆங்கிலம் பேசுகின்றனர். பெலிசேராக நடித்த ஆர்மண்ட் அசான்டே நியூயார்க்கில் பிறந்தவர், கேஜன் அல்லர். இயக்குநரோ வெளியார் அல்லர் என்பதுதான் சிக்கல். கிளென் பித்ரே லூசியானாவின் கட் ஆஃப் என்னும் ஊர்க்காரர், ஹார்வர்டில் படித்தவர், இதற்குமுன் கேஜன் பிரெஞ்சு மொழியிலேயே படமெடுத்தவர். மொழியறிந்த அவரே மொழியை விட்டார். இதைத் துரோகம் என்றார் ஒரு தோழி. அவர் துளு பேசும் குடும்பத்தவர். அவருடைய கோபத்துக்கு வேர் உண்டு.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். 1986இல் லூசியானாவின் இளம் கேஜன் பார்வையாளர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் வளர்ந்தவர்கள். தாத்தாவின் ஆங்கில உச்சரிப்புத்தான் அவர்களுக்கு எஞ்சிய மரபுச் செல்வம். அந்த உச்சரிப்பைத் திரையில் நாயகனின் வாயில் கேட்பது அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும்? மொழி இழந்தவனுக்கு மொழியை நினைவூட்டும் படம் வேறு, அவன் இழந்த பிறகும் அவனே என்று சொல்லும் படம் வேறு. பித்ரே இரண்டாவதை எடுத்தார். தோழியின் வருத்தத்தை இந்த விளக்கம் தீர்க்காது என்பதையும் அறிவேன். போசொலெய் குழுவின் மைக்கேல் டூசே பங்களித்த இசையில் பிரெஞ்சு மூச்சு இருக்கிறது. உரையாடலில் இல்லாதது பிடிலில் ஒலிக்கிறது.

என்னுடைய குறை வேறு. அன்றிரவு எவரும் எழுப்பாதது. அட்டகாபாஸ் பகுதியில் 1859இல் இத்தகைய ‘கண்காணிப்புக் குழுக்கள்’ உண்மையிலேயே இயங்கின. நீதிமன்றங்கள் திருடரைத் தண்டிப்பதில்லை என்று கூறி, தாமே விசாரித்து, கசையால் அடித்து, மக்களை நாடு கடத்தின. படத்தில் இது பெரிதும் ஆங்கிலேய வழிவந்த பண்ணைக்காரருக்கும் ஏழைக் கேஜன்களுக்கும் நடக்கும் போர். ஆவணங்களோ வேறொன்று சொல்கின்றன. குழுக்களின் முன்னணியில் நின்றவர் முன்னாள் ஆளுநர் அலெக்சாந்தர் மூட்டன்; அவர் அகேடியன் வழித்தோன்றல். அவருடைய மகன் ஆல்ஃபிரட் ஆயுதக் குழுவை நடத்தியவர். பின்னர் அடிமை மாநிலங்களின் படைத்தளபதியாகி 1864இல் போரில் மாண்டார். லஃபயெட் நகரில் நின்ற அவருடைய சிலை 2021இல்தான் அகற்றப்பட்டது. ஆக, நாடு கடத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுள் நிலமும் அடிமைகளும் சேர்த்துக்கொண்டவர்கள், சேர்க்காதவர்களை நாடு கடத்தினர். இந்தக் கசப்பைத் திரையில் வைக்கப் பித்ரேக்குத் துணிவில்லையா, 1986இன் கேஜன் பெருமித எழுச்சி அதற்கு இடம் தரவில்லையா? தன் இனத்துக்கு முதன்முதலாக ஒரு நாயகனைத் தரும் கலைஞன் அவ்வினத்தின் வில்லனை வெளியே தேடுவது இயல்பு. இயல்பு என்பதால் அது சரியாகிவிடாது.

அக்குழுக்களின் சவுக்கு விடுதலை பெற்ற கறுப்பின, கலப்பினக் குடும்பங்கள்மீதும் விழுந்தது. 1860 கணக்கெடுப்பில் லூசியானாவின் ஏறத்தாழ 7,08,000 மக்களுள் 3,31,000க்கும் மேற்பட்டோர் அடிமைகள். அந்தப் பாதி மாநிலம் இக்கதையின் மையத்தில் இல்லை. வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர் இதைச் சொல்லிவிட்டு எழுந்து போனார். எங்களிடம் மறுமொழி இல்லை.

இத்தனைக்குப் பிறகும் இப்படத்தை நான் மீண்டும் பார்ப்பேன். தூக்குக்கயிற்றின் அருகே நின்று பெலிசேர் கூட்டத்தைச் சிரிக்க வைக்கும்போது, அவனை வெறுக்க வந்தவர்களும் சிரித்துவிடுகின்றனர். துளுத் தோழியும் சிரித்தார். ஏன் சிரித்தாய் என்று மறுநாள் உணவுக்கூடத்தில் கேட்டேன். “சிரித்தது உண்மை, கோபமும் உண்மை. இரண்டையும் உன் ஆய்வேட்டில் எழுது” என்றார். பித்ரேயின் பழைய பிரெஞ்சுப் படங்களுள் ஏதேனும் ஒன்றின் படி யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். அடுத்த சனிக்கிழமை பொது அறை காலியாகத்தான் இருக்கிறது.