தேர்வாளரின் காதுக்கும் ஒரு தேர்வு

பியானோ சரியாகச் சுருதி சேர்ந்திருக்கிறதா என்று சொல்ல ஒரு கருவி போதாதா? அதற்குத் தேர்வாளர் எதற்கு, அவருக்குப் பயிற்சி எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால், பியானோக் கம்பி நாம் நினைப்பதுபோல் நடந்துகொள்வதில்லை. எஃகுக் கம்பிக்கு விறைப்பு உண்டு. அதனால் அதன் மேல்சுரங்கள் அடிச்சுரத்தின் இரு மடங்கு, மூன்று மடங்கு என்று கச்சிதமாக அமையாமல் சற்றே உயர்ந்து ஒலிக்கும். அந்த உயர்வு பியானோவுக்குப் பியானோ வேறுபடும். வீட்டுக் கூடத்தில் நிற்கும் சிறிய பியானோவுக்குப் பொருந்தும் அலைவெண் பட்டியல், மேடையில் இருக்கும் பெரிய பியானோவுக்குப் பொருந்தாது. அச்சடித்த விடைத்தாள் என்று ஒன்று இங்கே சாத்தியமில்லை.

1957இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பியானோ தொழில்நுட்பர் சங்கம் இதற்கு ஒரு வழி கண்டது. தேர்வுக்குரிய பியானோவை முதலில் தேர்வாளர் குழு ஒன்று கூடிச் சுருதி சேர்க்கிறது. ஒவ்வொரு சுரமும் பேசி முடிவாகி, கருவியில் அளந்து பதிவாகிறது. பிறகு பியானோவை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, தேர்வுக்கு வந்தவரிடம் கொடுக்கிறார்கள். அவர் சேர்த்த சுருதி அந்தப் பதிவோடு ஒப்பிடப்படும். ஒவ்வொரு பகுதியிலும் 80 விழுக்காடு பெற வேண்டும். அளவுகோல் ‘சென்ட்’, அதாவது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் அது வெறும் கால் ஹெர்ட்ஸ். இரண்டு கம்பிகள் அவ்வளவு விலகினால் நான்கு விநாடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். கருவி காட்டும் பிழையைத் தேர்வாளர் காதாலும் கேட்டு உறுதிசெய்த பிறகே புள்ளி குறையும்.

எனக்குப் பிடித்தது அந்தக் குழுதான். அதில் உட்காரும் புதிய தேர்வாளர், தன் காது மற்றவர்களிடமிருந்து எங்கே விலகுகிறது என்று அங்கேயே தெரிந்துகொள்கிறார். (ஜொகூரின் ஈரக்காற்றில் பியானோவின் ஒலிப்பலகை உப்பிச் சுருதி உயரும். இங்கே இப்படியொரு தேர்வு நடத்தினால் பதிவும் தேர்வும் ஒரே குளிர்சாதன அறையில், இடைவெளி விடாமல் நடக்க வேண்டும்.)

பழுதுபார்க்கும் தேர்வில் கருவி அவ்வளவாக உதவாது. சுத்தியலின் பிடியைப் புதிதாக ஒட்டியது நேர்த்தியா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். ஒருவர் தாராளம், இன்னொருவர் கறார். தேர்வு மதிப்பெண்ணில் தற்செயலுக்கு எவ்வளவு பங்கு என்பதை எட்ஜ்வொர்த் என்ற பொருளியல் அறிஞர் 1888இலேயே புள்ளியியல் வழியில் ஆராய்ந்திருக்கிறார்.

இது பியானோவோடு நிற்கும் செய்தியல்ல. எஸ்பிஎம் முடித்தோ முடிக்காமலோ வெளியேறும் நம் பிள்ளைகள் பலர் நம்பியிருப்பது எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழை. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அதற்கு மதிப்பீட்டு அதிகாரி, சரிபார்க்கும் உள் அதிகாரி, வெளி அதிகாரி என்று முறையான அடுக்கு உண்டு. ஆனால், விதிமுறையைக் கற்பிப்பது வேறு. மதிப்பிடும் கண்களை ஒப்பிட்டுப் பார்ப்பது வேறு. ஒரே பற்றவைப்புத் துண்டை பத்து பகாட், குளுவாங், பாசிர் கூடாங் மதிப்பீட்டாளர்கள் ஒருவர் போட்ட புள்ளியை மற்றவர் பார்க்காமல் மதிப்பிடட்டும். பிறகு மேசையில் வைத்துப் பேசட்டும். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரைச் சோதிப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பியானோத் தேர்வாளர்களும் அனுபவசாலிகள்தாம். கூடி உட்காராமல் அவர்கள் தேர்வைத் தொடங்குவதில்லை. ஆண்டுக்கு ஒருநாள் போதும். செலவு, சில இரும்புத் துண்டுகளும் மதியச் சாப்பாடும்.