ஈரலுக்குப் போய்விட்டால் விதி முடிந்ததா?

"குடலில் புற்றுநோய், அது ஈரலுக்கும் போய்விட்டது" என்று டாக்டர் சொன்னவுடன், நம் மக்களில் பலர் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "தலையெழுத்து" என்று சொல்லி நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கையிலுள்ள பணத்தைப் பரிகாரத்திற்கும் நேர்த்திக்கடனுக்கும் கொட்டிவிட்டு நாள் எண்ணுகின்றார்கள். அந்த எழுத்தைப் படித்தவன் யார் என்று கேட்கின்றோம்.

நோய் ஈரலுக்குப் போவானேன்? குடலிலிருந்து திரும்பும் இரத்தத்தில் பெரும்பகுதி முதலில் கல்லீரலுக்குத்தான் போகின்றது. புற்று அணுக்களும் அதே வழியாகப் போய் அங்கே தங்கி வளருகின்றன. இதில் பூர்வ ஜென்ம பாவத்திற்கு என்ன வேலை?

கல்லீரலுக்கு வேறொரு குணமும் உண்டு. நல்ல கல்லீரலில் 100-க்கு 70 பாகம் வரை எடுத்துவிட்டாலும், மீதி சில வாரங்களில் பெருத்து வேலையை ஏற்றுக்கொள்ளும். 1888-லேயே ஜெர்மனியில் லாங்கன்பூக் என்பவர் கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். 1957-ல் பிரான்சில் கூயினோ என்பவர் இரத்தக் குழாய்களின் போக்கைக் கொண்டு அதை 8 கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். அதனால் எங்கே வெட்டலாம் என்பது கணக்காயிற்று. இன்று, குடல் புற்று ஈரலுக்குப் பரவி, தக்கவர்களென்று தெரிந்தெடுத்து ரண சிகிச்சை செய்யப்பட்டவர்களில், 100-க்குச் சுமார் 40 பேர் 5 வருஷம் கழித்தும் உயிரோடிருக்கின்றார்கள்.

இதனால் கத்தியைப் புதுத் தெய்வமாக்கிக் கும்பிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. இப்படிப் பரவியவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்திலேயே வெட்ட முடிவதில்லை. சிலருக்கு மருந்தினால் கட்டி சுருங்கிய பிறகு முடிகின்றது. வெட்டியவர்களிலும் பாதிப் பேருக்கு மேல் நோய் திரும்புகின்றது. மிஞ்சும் ஈரல் போதாவிட்டால் சிகிச்சையே உயிரை வாங்கும். வேறு உறுப்புகளிலிருந்து பரவிய புற்றுக்கெல்லாம் இந்தக் கணக்குப் பொருந்தாது.

ஆகவே தோழர்களே, கேளுங்கள்! வெட்டியெடுக்க முடியுமா? முடியாதென்றால் காரணம் என்ன? மருந்து கொடுத்த பிறகு முடியுமா? ஈரல் ரண சிகிச்சையில் தேர்ந்த டாக்டர் படங்களைப் பார்த்தாரா? "முடியாது" என்பதே பதிலானாலும் அது காரணத்தோடு வந்த பதிலாகும். அப்பொழுதும் நோயாளியின் வலியைக் குறைக்க வழியுண்டு. கேளாமலே வீட்டுக்குக் கொண்டுவந்து, வெட்டிக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒருவனைச் சாகவிட்டால், அது விதியின் வேலையல்ல. நம்முடைய வேலையே என்போம்.