பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தவர்

வசூல் நோட்டைத் தெரியாதவர்கள் நம் ஊர்ப் பக்கம் இருக்க மாட்டார்கள். மதுரை–திருச்சி சாலையில் மேலூர், கருங்காலக்குடி, கொட்டாம்பட்டி என எந்த ஊரில் இறங்கினாலும் ஏதோ ஒரு நோட்டு சுற்றிக்கொண்டிருக்கும். கோயில் கும்பாபிஷேகம், மஞ்சுவிரட்டு, மாதா கோயில் சப்பரம், பள்ளிவாசல் கந்தூரி, இளைஞர்களின் கபடிப் போட்டி என்று காரணம் மட்டும் மாறும். இப்போது நோட்டோடு க்யூஆர் கோடும் சேர்ந்தே வருகிறது.

வசூலுக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "நிச்சயம் பெருசா எழுதுவார்" என்று நம்பிப் போன வீட்டில் அடுத்த வாரம் வரச் சொல்லியிருப்பார்கள். கணக்கிலேயே இல்லாத ஒருவர் கூப்பிட்டுக் கொடுத்திருப்பார். பல ஊர்களில் வேலை முடிந்ததே அப்படிப்பட்டவர்களால்தான்.

இந்த வாரம் அப்படி ஒரு வசூலின் கதை. நடந்தது நியூயார்க்கில், 1899-ல். பணம் வந்து சேர்ந்தது நம் வேலூருக்கு. நம் பக்கத்தில் யாருக்காவது பெரிய வியாதி என்றால், "எதுக்கும் ஒரு தடவை வேலூர்ல காட்டிடுங்க" என்று சொல்கிறோமே, அந்த ஆஸ்பத்திரியின் தொடக்கம் இது.

ஒரே இரவில் மூன்று பேர்

இடா சோஃபியா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்க மிஷனரி குடும்பம். தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர், 1819-ல் நியூயார்க்கில் நன்றாக நடந்துகொண்டிருந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு இலங்கைக்குக் கப்பல் ஏறியவர். பின்னாளில் சிறிது காலம் மதுரையிலும் மருத்துவம் பார்த்தார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக இங்கேயே ஊழியத்துக்கு வந்தார்கள்.

இடாவுக்கு மட்டும் அதில் விருப்பமே இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில் பசியால் வாடிய குழந்தைகளுக்குத் தன் கையால் ரொட்டி ஊட்டியபோது அவருக்கு ஆறேழு வயதுதான். அந்த வெயிலும் பசியும் சாவும் வேண்டாம், அமெரிக்காவிலேயே படித்து, கல்யாணம் செய்துகொண்டு, வசதியாக இருக்கலாம் என்பது அவர் போட்ட கணக்கு. 1890-ல் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்ததால், கொஞ்ச நாள் உதவியாக இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பிராமணர். பிரசவ வலியில் துடிக்கும் தன் இளம் மனைவியைக் காப்பாற்ற வரச் சொல்லி இடாவைக் கேட்டார். இடா அப்போது டாக்டர் இல்லை. "அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார். வெளி ஆண் ஒருவர் வீட்டுக்குள் வந்து பிரசவம் பார்ப்பதை வந்தவரால் ஏற்க முடியவில்லை. தனியாகத் திரும்பிப் போனார். அதே இரவில் ஓர் இஸ்லாமியரும், அவருக்குப் பிறகு இன்னொரு இந்துவும் அதே கோரிக்கையோடு வந்து, அதே காரணத்துக்காகத் திரும்பிப் போனார்கள்.

காலையில் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

மூன்று குடும்பங்களுக்கும் மதம் வேறு, பழக்கம் வேறு. ஆனால், மூன்றிலும் உயிர் போனதற்குக் காரணம் ஒன்றுதான். அந்த ஊரில் பெண் டாக்டர் இல்லை. இடா தன் கணக்கை மாற்றிக்கொண்டார். அமெரிக்கா திரும்பி, பிலடெல்பியாவில் மருத்துவப் படிப்பைத் தொடங்கி, 1899-ல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் முடித்தார். அந்தக் கல்லூரியிலிருந்து வெளியே வந்த முதல் பெண்களில் அவரும் ஒருவர்.

எட்டாயிரம் டாலர்

பட்டம் வாங்கியாயிற்று. கிளம்ப வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தபோது இன்னொரு பொறுப்பு வந்து சேர்ந்தது. வேலூரில் பெண்களுக்கென்று தனி மருத்துவமனை வேண்டும், அதற்கான பணத்தைத் திரட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். மிஷன் நிர்வாகம் ஒப்புக்கொண்ட தொகை 8,000 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 25,000 ரூபாய்.

இதற்குமுன் வசூலுக்குப் போன பழக்கமே அவருக்குக் கிடையாது. சர்ச் சர்ச்சாகப் போய்ப் பேசினார். தெரிந்த வீடுகளின் கதவைத் தட்டினார். பரிதாபப்பட்டவர்கள் நிறையப் பேர். பணம் கொடுத்தவர்கள் குறைவு. கப்பல் கிளம்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சேர்ந்திருந்த தொகையோ இலக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அப்படித்தான் ஒருநாள் ஹாரியட் டேபர் என்ற பெண்மணியின் வீட்டுக்குப் போனார். சர்ச் பெண்களின் மிஷன் சங்கத்தில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர் அவர். இடா எல்லாவற்றையும் சொன்னார். திண்டிவனத்து இரவு, மூன்று மரணங்கள், வேலூரில் கட்ட வேண்டிய ஆஸ்பத்திரி என்று ஒன்றையும் விடவில்லை. ஹாரியட் அன்போடு கேட்டுக்கொண்டார். ஆனால், சங்கத்தால் அவ்வளவு பெரிய தொகைக்கு உடனே வழி செய்ய முடியாத நிலை. இடா வெறுங்கையோடுதான் கிளம்பினார்.

அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். ஹாரியட்டின் அக்கா கணவர், ராபர்ட் ஷெல். வயதான வங்கியாளர். மனைவியை இழந்தவர். பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவரின் காதில் இந்தப் பேச்சு முழுக்க விழுந்திருக்கிறது. இடாவுக்கு அது தெரியாது.

மறுநாள் ஷெல் ஆளனுப்பி இடாவை வரச் சொன்னார். எதற்காக இந்த ஆஸ்பத்திரி, யார் நடத்தப்போகிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் காசோலையை நீட்டினார். அதில் இருந்த தொகை 10,000 டாலர். கேட்டதைவிட 2,000 டாலர் கூடுதல். காலமான தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக மருத்துவமனை அமைய வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம்.

இடா அவரிடம் ஒரு டாலர்கூடக் கேட்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கேட்டது வேறொருவரிடம். அங்கே கிடைக்கவும் இல்லை. ஆனால், கிடைக்காமல் போன அந்தப் பேச்சுதான் பக்கத்து அறைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரே ஒரு படுக்கை

1900-ம் ஆண்டு பிறக்கும்போது இடா இந்தியா வந்து சேர்ந்தார். கூடவே தோழி ஆனி ஹான்காக். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து தொழில் பழகலாம் என்ற எண்ணத்தில் வந்தவருக்கு, சில மாதங்களிலேயே பெரிய இடி. மே மாதம் அப்பா இறந்துபோனார். புது டாக்டர், அதிலும் பெண். ஆரம்பத்தில் நோயாளிகள் வரவே தயங்கினார்கள். வீட்டிலேயே ஒரே ஒரு படுக்கையைப் போட்டு வைத்தியத்தைத் தொடங்கினார். உதவிக்கு இருந்தவர் சலோமி, வீட்டுச் சமையல்காரரின் மனைவி. கட்டுப்போடுவதையும் மருந்து கொடுப்பதையும் இடா அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளி. ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கிராமத்து மக்களைத் தேடி இடாவே சாலையோர வைத்தியத்துக்குக் கிளம்பினார். மரத்தடியில் நிறுத்தி மருந்து கொடுப்பதும், புண்ணுக்குக் கட்டுப்போடுவதும், முடியாதவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதும் வாராவாரம் நடந்தன.

ஒரு டாக்டர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்? நம் பெண்களையே டாக்டராக்க வேண்டும் என்று 1918 ஆகஸ்ட் 12-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லேண்ட் பிரபு திறந்துவைத்தார். இந்தியப் பெண்கள் மருத்துவம் படிக்க வருவார்களா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். வந்தார்கள். 1922-ல் முதல் அணி படிப்பை முடித்தது.

கொடுத்தவர் விலகியபோது

வசூல் அதோடு நிற்கவில்லை. இடாவின் வாழ்நாளில் பாதி, ஆஸ்பத்திரி வார்டில் கழிந்தது என்றால் மீதி, கடிதம் எழுதுவதிலும் மேடை ஏறிக் கேட்பதிலும் கழிந்தது. அதில் கசப்பான அத்தியாயமும் உண்டு.

1930-களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, பட்டயப் படிப்புகளை நிறுத்திவிட்டு, மருத்துவக் கல்வி முழுவதையும் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாக்க முடிவெடுத்தது. வேலூர்ப் பள்ளி நீடிக்க வேண்டுமானால் கூடுதல் படுக்கைகள், பேராசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள் வேண்டும். அதற்கெல்லாம் பணம் வேண்டும். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் எல்லா மிஷன்களும் சேர்ந்து உதவ வழி பிறக்கும் என்ற யோசனை வந்தது. பெண்களுக்காகவே ஆரம்பித்த பள்ளி இது. ஆண்டுக்கணக்கில் வேலூருக்காக அமெரிக்காவில் நிதி திரட்டித் தந்த லூசி பீபாடி இதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கென்று நம்பிக் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது அவர் கேள்வி. அதிலும் நியாயம் இருந்தது.

இடா நிறுவனம் பிழைக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார். நீண்ட நாள் தோழியின் ஆதரவை இழந்தார். 1941-ல், 70 வயதுக்கு மேல், மறுபடி அமெரிக்கா போய், உலகப் போருக்கு நடுவே ஊர் ஊராகச் சுற்றி நிதி கேட்டார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947-ல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-ல் நடந்தது இதே சி.எம்.சி-யில்தான். அதைப் பார்க்க இடா இல்லை. 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார்.

மதுரையிலும் ஒரு பட்டியல்

வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் கொடுத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அதே காலத்தில், 1890-களில், மதுரையில் டாக்டர் ஃபிராங்க் வான் ஆலன் என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றைக் கட்டினார். கீழவெளி வீதியில் உள்ள இன்றைய கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனையின் பழைய வரலாறு அது. அந்தக் கட்டடத்துக்கான பணத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தவர்கள் இந்தப் பகுதியின் இந்துப் பெருமக்கள், ஜமீன்தார்களும் செட்டியார்களும். கட்டியவரின் மதம் என்ன என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. தங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

எதிர்த் திசையிலும் இதே மாதிரி ஒரு வசூல் நடந்தது. விவேகானந்தர் 1893-ல் சிகாகோ போவதற்காக அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் சென்னையில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அங்கேயும் நடுத்தர வீடுகளின் சிறு தொகைகள் பெரிதும் கைகொடுத்தன. இங்கிருந்து ஒரு துறவியை அங்கே அனுப்பவும், அங்கிருந்து ஒரு மருத்துவர் இங்கே வரவும் ஆறு ஆண்டு இடைவெளியில் இரண்டு நாடுகளிலும் வாசல்கள் தட்டப்பட்டிருக்கின்றன.

கொடுப்பதற்குக் காசோலைதான் வேண்டும் என்பதும் இல்லை. 1903-ல் வி.எஸ்.அசரியா முன்னின்று தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்குத் தன் ஊழியரை அனுப்பியது. தென் மாவட்டச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். சேர்ந்ததும் சர்ச்சில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். இந்தப் 'பிடி அரிசி' வழக்கம் மிசோரமில் 1910-ல் தொடங்கி இன்றும் நடக்கிறது. கையில் சம்பளம் என்று எதுவும் இல்லாத பெண்கள், தங்கள் அடுப்படியிலிருந்தே நன்கொடையாளர்கள் ஆனார்கள்.

கேட்பவர்களுக்கும் கொடுப்பவர்களுக்கும்

இடாவின் கதையில் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று இருக்கிறது. ஹாரியட் வீட்டில் பணம் பெயராது என்று தெரிந்ததும் அவர் பேச்சைச் சுருக்கிக்கொண்டு எழுந்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் ஷெல்லின் காதில் பாதிக் கதைதான் விழுந்திருக்கும். எதற்காகக் கேட்கிறோம் என்பதை ஒவ்வொரு வாசலிலும் முழுதாகச் சொல்லத்தான் வேண்டும்.

கொடுப்பவர்களுக்கும் ஒன்று உண்டு. ஷெல் உருகிப்போய் அன்றே ஓடிவந்து கொடுத்துவிடவில்லை. ஒரு இரவு யோசித்தார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தார். பிறகுதான் எழுதினார். வாட்ஸ்அப்பில் தினம் ஒரு உதவிக் கோரிக்கை வரும் இந்தக் காலத்தில், விசாரித்துவிட்டுக் கொடுப்பதும், ரசீது கேட்பதும் கொடையைக் குறைத்துவிடாது.

முதல் ஷெல் மருத்துவமனை இருந்த இடத்தில் இப்போது இயங்குவது சி.எம்.சி-யின் கண் மருத்துவமனை. ஆரணி ரோட்டில் ஆட்டோக்காரரிடம் 'ஷெல் ஆஸ்பத்திரி' என்றால் போதும், கொண்டுபோய் விடுவார். நியூயார்க்கில் வாழ்ந்து மறைந்த மேரி டேபர் ஷெல் என்ற அம்மாவின் பெயர் அது. கண்ணில் கட்டோடு வெளியே வருகிற பாட்டிகளில் பலருக்கு அது யார் பெயர் என்று தெரியாது. அடுத்த செக்கப்புக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்பது மட்டும் சரியாகத் தெரியும்.