வெளிச்சம் போதும், ஆயுள் வேண்டும்

பழைய மின்னொளிர்வு எண்பலகையைக் கொண்டு கடிகாரம் செய்வோர் பலர், "இன்னும் பிரகாசமாக எரியச் செய்வது எப்படி?" என்றே முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே தவறு என்பது என் கருத்து.

இவ்வொளியை 1936-இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ. இரு மின்வாய்களுக்கு இடையே செம்பு கலந்த துத்தநாக சல்பைடுத் தூள் இருக்கிறது. அமைப்பில் இது ஒரு மின்தேக்கியே. ஆகவே இதற்கு மாறுதிசை மின்னழுத்தம் தேவை. 1969-இல் நிலவுக்குச் சென்ற அப்போலோ 11 கணினியின் எண்பலகைக்கு 250 வோல்ட், 800 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரப்பட்டது. எண்களின் கோடுகளை ரிலேக்கள் இயக்கின.

மின்னழுத்தத்தையோ அதிர்வெண்ணையோ கூட்டினால் ஒளி கூடும். ஆனால் தூள் விரைவில் மங்கிவிடும். நிலவுப் பயணம் சில நாட்களே. உங்கள் கடிகாரமோ இரவும் பகலும் ஓட வேண்டும். பழைய பலகை கெட்டால் மாற்றுக் கிடைப்பதும் அரிது. எனவே இருட்டில் எண் தெரியும் அளவோடு நிறுத்துங்கள்.

வீட்டு மின்சாரத்தை நேரே இணைத்தாலும் பலகை ஒளிரக்கூடும். ஆனால் தொட்டால் உயிருக்கே ஆபத்து! பாட்டரியில் இயங்கும் அலையியற்றியும் சிறு மின்மாற்றியும் கொண்டு இயக்குங்கள். அதன் வெளியீடும் அதிர்ச்சி தரும். ஆசிரியர் அருகில் இருக்கும்போதே செய்யுங்கள்.