தனியாக வளர்ந்த கண் எது?

புகைப்படக்காரர்கள் நான்கு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: "கேமராவை யாரும் கத்துக்கொடுக்கலாம். கண்ணைக் கத்துக்கொடுக்க முடியாது. அது பிறவியிலேயே வரணும்." கூடவே இன்னொன்றும் சொல்வார்கள். எடுத்த படங்களை இன்னொருவரிடம் கொடுத்துக் குறை கேட்டால் நம் பாணி போய்விடும், அவர் பாணி ஒட்டிக்கொள்ளும் என்று. பத்து வருடம் படம் எடுத்தும் தொடங்கிய இடத்திலேயே நிற்கும் எத்தனையோ திறமைசாலிகளை அங்கே கட்டிப்போட்டிருப்பது இந்த நம்பிக்கைதான். புகைப்பட வரலாறு இதற்கு நேர் எதிராகச் சாட்சி சொல்கிறது.

பிறவிக் கண் என்றதும் பலரும் சொல்லும் பெயர் டயான் ஆர்பஸ். அவர் கணவர் ஆலனோடு சேர்ந்து நியூயார்க்கில் பத்தாண்டுகள் ஃபேஷன் படங்கள் எடுத்தவர். 'வோக்', 'கிளாமர்' போன்ற இதழ்களுக்கு வேலை செய்த ஸ்டூடியோ அவர்களுடையது. கருவியும் தொழில் பழக்கமும் கையில் இருந்தன. அவர் மனதுக்குள் கிடந்த படங்கள் மட்டும் வெளியே வரவில்லை. 1956-இல் ஸ்டூடியோ வேலையை உதறிவிட்டு, நியூ ஸ்கூலில் புகைப்பட ஆசிரியை லிசெட் மாடலிடம் மாணவியாகப் போய்ச் சேர்ந்தார். பார்க்கக்கூடாது, நெருங்கக்கூடாது என்று சொல்லி விலக்கப்பட்டவற்றின் மேல்தான் ஆர்பஸுக்கு ஈர்ப்பு. மாடல் அவரை அந்தப் பக்கமே தள்ளினார். ஒரு மனிதரை எவ்வளவு குறிப்பாக எடுக்கிறோமோ, அந்த அளவுக்கு அந்தப் படம் எல்லோருக்கும் பொதுவாகும் என்பதை மாடலிடம்தான் கற்றதாக ஆர்பஸே பிற்பாடு தன் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார். 1956-இல் ஒரு ஃபிலிம் ரோலுக்கு 'ஒன்று' என்று எண் போட்டுத் தன் நெகட்டிவ் கணக்கைப் புதிதாகத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

பாணி ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்துக்கும் மாடலின் வகுப்பிலேயே பதில் இருக்கிறது. அவரிடம் படித்த லேரி ஃபின்க், மன்ஹாட்டன் பணக்கார விருந்துகளையும் பென்சில்வேனியா கிராமத்துக் குடும்பக் கொண்டாட்டங்களையும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் பிடித்தார். ரோசலிண்ட் சாலமன் 1980-களின் இறுதியில் எய்ட்ஸ் நோயாளிகளை நேருக்கு நேர் நின்று எடுத்தார். ஆர்பஸையும் சேர்த்து இந்த மூவரின் படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ராபர்ட் ஃபிராங்க் கதையும் அப்படித்தான். 1955-இல் அவருக்கு குகன்ஹைம் உதவித்தொகை கிடைக்கப் பின்னால் நின்றவர், அவரைவிட மூத்த புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ். அமெரிக்கா முழுக்கச் சுற்றி 27,000-க்கும் மேற்பட்ட ஃபிரேம்கள் எடுத்து, அதிலிருந்து ஏறக்குறைய ஆயிரத்தைப் பிரின்ட் போட்டுப் பார்த்து, கடைசியில் 83 படங்களோடு 'தி அமெரிக்கன்ஸ்' நூலை முடித்தார் ஃபிராங்க். அதற்கு எவன்ஸ் முன்னுரை எழுதிக் கொடுத்தும், ஃபிராங்க் அதை விட்டுவிட்டு எழுத்தாளர் ஜாக் கெரூவாக்கின் முன்னுரையை வைத்தார். வழிகாட்டியின் துணையையும் பெற்றுக்கொண்டு, வேண்டாத இடத்தில் அவர் சொல்லையும் ஒதுக்கினார். வழிகாட்டி என்றால் அடிமைச் சாசனம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எடுத்தவர் கண் ஏன் போதாது? காரணம் எளிது. எடுத்தவருக்குப் படத்தோடு சேர்ந்து அதை எடுக்கப் பட்ட பாடும் தெரியும். கேரி வினோகிராண்ட் இதை நன்றாக அறிந்தவர். எடுத்த நாளின் உற்சாகம் தேர்வைக் கெடுக்கும் என்று ஃபிலிமை வேண்டுமென்றே ஓராண்டு, அதற்கு மேலும்கூட டெவலப் செய்யாமல் போட்டு வைப்பார். அவரும் தேர்வுக்குப் பிறர் கையை நாடினார். 'பப்ளிக் ரிலேஷன்ஸ்' நூலின் படங்களைத் தேர்ந்தவர் அவருடைய நண்பர் டாட் பேப்பஜார்ஜ். 1984-இல் வினோகிராண்ட் இறந்தபோது டெவலப் செய்யாத ரோல்களே சுமார் 2,500 மிஞ்சியிருந்தன.

நல்ல போர்ட்ஃபோலியோ அமர்வு ஒன்றில் நடப்பது இதுதான். மேசைமேல் தபால் அட்டை அளவில் நாற்பது பிரின்ட்கள். எடுத்தவர், விடியற்காலை மலையேறி எடுத்த சூரியோதயத்தை முதலில் வைத்திருப்பார். பார்ப்பவருக்கு அந்த மலையும் தெரியாது, குளிரும் தெரியாது. அதை ஓரமாக நகர்த்திவிடுவார். ஒரே மாதிரியான மூன்றில் இரண்டை எடுத்துவிடுவார். பிறகு கடைசி வரிசையில் கிடக்கும் ஐந்து படங்களைப் பொறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். ஐந்திலும் யாரோ ஒருவரின் கை ஃபிரேமின் விளிம்பில் பாதியாக வந்திருக்கும். "இது தெரிஞ்சே வந்ததா?" என்பார். எடுத்தவருக்கு அதுவரை அது தெரிந்திருக்காது. நூறு பேர் 'சூப்பர்' என்று லைக் போட்டாலும் இந்தக் கேள்வி பிறக்காது.

விவியன் மேயர் இருக்கிறாரே என்பார்கள். சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தபடி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஏறக்குறைய யாருக்கும் காட்டாமல் விட்டுப்போனவர். 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன, 2009-இல் இறந்தார். அவர் மேதை, சந்தேகமில்லை. ஆனால் உலகம் இன்று பார்க்கும் மேயரின் படங்கள் பெரும்பாலும் அவர் இறந்த பிறகு பிறர் தேர்ந்து, பிறர் பிரின்ட் போட்டவை. தனியாக வளர்ந்த கண்ணுக்குச் சான்றாகக் காட்டப்படும் தொகுப்பிலேயே வேறு கண்கள் வேலை செய்திருக்கின்றன.

வழிகாட்டல் என்ற பெயரில் மோசமான வியாபாரமும் நடக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு தன் நிறக்கலவையை மாணவர் தலையில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு விழாக்களில் இருபது நிமிட அமர்வுக்குக் கட்டணமும் விமானச் செலவும் சேர்ந்தால் ஏழைக் கலைஞர் உள்ளே நுழையவே முடியாது. இந்தக் குறைகள் உண்மை, திருத்தப்பட வேண்டியவை. ஆனால் பெரிய பணம் இல்லாமலும் இது நடக்கும். சிவில் எஞ்சினியரிங் படித்த ரகு ராய் கிராமத்தில் எடுத்த கழுதைக்குட்டிப் படத்தின் மதிப்பைக் கண்டு லண்டன் 'தி டைம்ஸ்' இதழுக்கு அனுப்பிவைத்தவர், புகைப்படக்காரரான அண்ணன் எஸ். பால். படம் அச்சானது, தம்பியின் வாழ்க்கை திசை மாறியது.

நம் ஊர்ப் புகைப்படச் சங்கங்கள் ஆண்டுப் போட்டிக்கும் கேடயத்துக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். அனுபவம் உள்ள ஒருவர், கற்க வந்த ஒருவர், ஒரு மேசை, அச்சிட்ட படங்கள், ஒரு மணி நேரம். ஆறு மாதம் கழித்து அதே இருவர் மறுபடி உட்கார வேண்டும், ஏனென்றால் முதல் நாள் சொன்னதில் எது பலித்தது, எது பிசகியது என்று இருவருக்கும் அப்போதுதான் தெரியும்.