பதினாறாம் நாள் மாத்திரைக்கு யார் பொறுப்பு?

எழுபது வயதை எட்டிய அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை இவ்வாறு விரிவுபடுத்தியது. நாம் இதை வரவேற்கிறோம். ஆனால் அந்த அட்டை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் கேட்டாக வேண்டும்.

இக்காப்பீடு உள்நோயாளிகளுக்கானது. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் வரையிலான மருந்துச் செலவையும் ஏற்கிறது. அத்துடன் முடிந்தது. மாரடைப்புக்கு ஆளான முதியவருக்கு ஸ்டென்ட் பொருத்தப் பணம் உண்டு. அதன்பின் நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைக்குப் பதினாறாம் நாளிலிருந்து பணம் இல்லை. மாரடைப்பே வராமல் தடுக்க அதே மாத்திரையை உட்கொள்பவருக்கோ முதல் நாளிலிருந்தே இல்லை. இத்தனைக்கும் அது தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து.

அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறதே என்பர். உண்மைதான். ஆனால் முதுமையிலும் கூலிக்குச் செல்பவருக்கு, மாத்திரை வாங்கச் செல்லும் நாள் கூலியை இழக்கும் நாள். இருப்பு இல்லையெனில் மருந்துக் கடைதான் கதி. 60 முதல் 79 வயது வரையிலானோரின் முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய் மட்டுமே.

ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரிக்கு, மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் மருந்தகம் தொடர்ந்து மாத்திரை வழங்குகிறது. அவருடைய அலுவலகத்தை ஒப்பந்தக் கூலியாகக் கூட்டிப் பெருக்கியே முதுமையடைந்த தலித் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. இருவர் உடலிலும் ஓடுவது ஒரே இரத்தம். அடைபடுவதும் ஒரே இரத்தக்குழாய். வேறுபடுவது, யாருக்கு எந்த வேலை என்று சாதி வகுத்த வரிசை.

பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கில், சிகிச்சை மறுக்கப்பட்ட ஒரு விவசாயக் கூலித்தொழிலாளிக்காக 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிய நேரத்தில் சிகிச்சை தராதது 21ஆம் பிரிவின் மீறல். நிதியின்மையைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றது. அவ்வழக்கு அவசர சிகிச்சை பற்றியது. அவசரம் நேராமல் காக்கும் மருந்துக்கும் அதே உரிமையை நீட்டிக்கக் கோருவதே நம் அடுத்த பணி.

புறநோயாளி மருந்துகளைக் காப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுவாசலில் மாத்திரை தர முடியும் என்று 2021 முதல் காட்டிவருகிறது; அதைச் சலுகையாக விடாமல் சட்ட உரிமையாக்க வேண்டும். படுக்கையில் விழுந்த பிறகே ஏழையைக் கண்டுகொள்ளும் காப்பீடு நமக்குப் போதாது.