இரைச்சல் நின்னுடுச்சு, ஆனா எர்த் வயர் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. வெள்ளிக்கிழமை பஜனைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் தயவுசெய்து முழுசா படிங்க.

நம்ம பஜனைக் குழு ஆம்ப் ரொம்ப நாளா "ம்ம்ம்"னு இரைந்துகொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். போன வாரம் திடீர்னு சத்தமே இல்லை. யாரோ நல்லா சரி பண்ணிட்டாங்கனு சந்தோஷப்பட்டேன். பூஜை முடிந்து வயரைச் சுருட்டும்போது பிளக் லூசா இருந்தது. திறந்து பார்த்தால், பச்சை-மஞ்சள் வயரை வெட்டி டேப் சுற்றியிருக்கிறது. எர்த் வயர்!

செய்தவரைத் திட்ட இதை எழுதவில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார், மேடைகளில் பலர் செய்கிற பழைய வேலைதான். ஆனால் கோயில் மண்டபத்தில் இதைச் செய்யவே கூடாது. உள்ளே லைவ் வயர் கழன்று இரும்புப் பெட்டியில் பட்டால், எர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போகும், அல்லது மெயின் டிரிப் ஆகும். எர்த் இல்லையென்றால் வெளியே ஒன்றுமே தெரியாது. பெட்டியிலும் அதில் மாட்டிய மைக்கிலும் கரண்ட் நிற்கும். முதலில் தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் அது தரைக்குப் போகும். நம்ம தரையோ அபிஷேகத் தண்ணீர் ஓடிய தரை. வெறுங்காலோடு மைக்கைப் பிடிப்பது பத்து வயசுப் பிள்ளை.

"மெயின்ல ஆர்சிசிபி இருக்கே அண்ணே" என்றார் ஒரு தம்பி. சரி, அதன் டெஸ்ட் பட்டனை நாம் கடைசியா எப்போ அமுக்கினோம்? யாருக்கும் பதில் தெரியலை.

இரைச்சலுக்குக் காரணம் ஆம்பே இல்லை. ஆம்பை மூலஸ்தானம் பக்கத்துப் பாயிண்டில் குத்துகிறோம், மிக்ஸரை ஆபீஸ் பக்கம். இரண்டையும் ஒரு ஆடியோ வயர் சேர்க்கிறது. இப்படி இரண்டு வழியில் எர்த் சேர்ந்தால் வளையமாகி, 50 ஹெர்ட்ஸ் கரண்டின் முனகல் ஸ்பீக்கரில் வரும். வெட்டிய எர்த்தை மறுபடி மாட்டினேன், முனகல் திரும்பியது. மிக்ஸர் வயரைக் கழற்றினேன், நின்றது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் குத்தி வயரை மாட்டினேன், அப்பவும் சத்தமில்லை. செலவு பூஜ்யம். அப்படியும் வேறு இடத்தில் முனகினால், எர்த் லிஃப்ட் பட்டன் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்றை நடுவில் போடலாம். அது ஆடியோ வயரில் மட்டும்தான் எர்த்தைப் பிரிக்கும், கரண்ட் வயரைத் தொடாது.

எல்லா வயரையும் கழற்றிய பிறகும் ஆம்ப் இரைந்தால் கோளாறு உள்ளே. அப்போ ரிப்பேர் கடைக்கு மட்டும். யாரும் வீட்டில் திறக்காதீங்க, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் கரண்ட் தேங்கியிருக்கும். 'கரகர' சத்தம் வேற விஷயம், பாதி நேரம் ஜாக்கில் அடைந்த விபூதிதான்.

புது ஆம்புக்கு உபயக்காரர் தேடலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே இரண்டு பாயிண்டில் குத்தினால் புதுசும் முனகும், அதன் எர்த்தையும் யாராவது வெட்டுவார். அந்தப் பணத்தில் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு மண்டபத்துப் பாயிண்ட் எல்லாத்தையும் பார்க்கச் சொல்லலாம்.

இந்த வெள்ளி சாயங்காலம் 5 மணிக்கு ஸ்க்ரூட்ரைவரோடு மண்டபத்தில் இருப்பேன். எக்ஸ்டென்ஷன், மிக்ஸர், பிளேயர் என்று எல்லாப் பிளக்கையும் திறந்து பார்க்கணும். இரண்டு பேர் கூட வந்தால் பூஜைக்கு முன்னாடி முடிச்சிடலாம்.